நாஞ்சில் நாட்டில் டீசல் வண்டியும் டர்போவும்

டர்போ என்று ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் சுருக்கிச் சொல்லும் டர்போசார்ஜர், இன்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுழன்று, அதே இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்று ஓடும் டீசல் பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் டர்போ பொருத்தியவை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களின் மீனும், குலசேகரம், பேச்சிப்பாறைப் பகுதிகளின் ரப்பரும், தோவாளையின் பூவும் இவற்றில் போகின்றன. பாரத்தோடு ஏற்றத்தில் இவ்வண்டி இழுக்க மறுத்தால் அன்றைய வாடகை போயிற்று. மீன் வண்டியாக இருந்தால் ஐஸ் உருகுவதற்குள் பழுதைக் கண்டுபிடித்தாக வேண்டும். அப்படிக் கண்டுபிடிக்கும் முறை இம்மாவட்டத்தில் டீசல் வந்த நாள் முதல் பலமுறை மாறியிருக்கிறது.

டீசல் வந்த வழி

நாஞ்சில் நாட்டுச் சாலையில் டீசல் இன்ஜின் பெரிய அளவில் ஓடத் தொடங்கியது 1938இல். அப்போது இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சமஸ்தானம் சொந்தமாகப் பேருந்து நடத்த முடிவுசெய்து, லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டர் என்பவரை 1937 செப்டம்பரில் போக்குவரத்துத் துறையின் கண்காணிப்பாளராக நியமித்தது. 1938 பிப்ரவரி 20 அன்று மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் திருவனந்தபுரத்தில் சேவையைத் தொடங்கிவைத்தார். மன்னரும் குடும்பத்தினரும் ஏறிய முதல் பேருந்தைச் சால்ட்டரே ஓட்டினார். மறுநாள் திருவனந்தபுரம் - கன்னியாகுமரி தடத்தில் பொதுமக்களுக்கான வண்டி ஓடியது. ஆக, அரசுப் பேருந்தின் முதல் தடமே நாஞ்சில் நாட்டை ஊடுருவிச் சென்ற தடம்.

வண்டிகளின் அடிச்சட்டம் இங்கிலாந்தின் காமர் நிறுவனத்துடையது. மொத்தம் 60 அடிச்சட்டங்கள் இறக்குமதியாயின. அவற்றில் இருந்தவை பெர்கின்ஸ் லிங்க்ஸ் வகை டீசல் இன்ஜின்கள். பிராங்க் பெர்கின்ஸ் பீட்டர்பரோ நகரில் தன் நிறுவனத்தைத் தொடங்கியது 1932இல்தான். கப்பலுக்கும் ஆலைக்கும் மட்டுமே உரியது என்று கருதப்பட்ட கனத்த டீசல் இன்ஜினைச் சிறிதாக்கி, வேகமாகச் சுழலவைத்து, லாரியில் வைக்க முடியும் என்று காட்டிய நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அந்தப் புதுச்சரக்கு ஆறே ஆண்டுகளில் நாகர்கோவில் சாலைக்கு வந்துவிட்டது. பேருந்துக்கு மேற்கூடு கட்டும் வேலை சால்ட்டரின் மேற்பார்வையில் திருவிதாங்கூரிலேயே நடந்தது. ஒரு வண்டியில் 23 இருக்கைகள்.

அடுத்த ஆண்டே உலகப்போர் வந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டால் தென்னிந்தியா முழுவதும் கரி எரித்து அதன் வாயுவில் பல வண்டிகள் ஓடின. பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு, ஏற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ளவேண்டிய வண்டிகள் அவை. 'வண்டி இழுக்கவில்லை' என்பது அன்று பழுதாகவே எண்ணப்படவில்லை, வழக்கம் அதுதான்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் உருவானது. மாவட்டத்திற்கு அப்போது ரயில் கிடையாது. திருவனந்தபுரம் - கன்னியாகுமரி ரயில்பாதை திறக்கப்பட்டது 1979இல். நாகர்கோவில் - திருநெல்வேலி பாதை 1981இல். அதுவரை நெல், தேங்காய், உப்பு, மீன், மரம் எல்லாமே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவோ களியக்காவிளை வழியாகவோ சாலையில்தான் போயின. நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை ஆகிய ஊர்களில் லாரிப் பட்டறைகளும் ஓட்டுநர் தொழிலும் இத்தனை வேரூன்றியதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்லலாம். 1983இல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு நேசமணி போக்குவரத்துக் கழகம் அமைந்தது. ராணித்தோட்டத்துப் பணிமனை அதன் மையம்.

பம்ப் மெக்கானிக்கின் காலம்

அந்தக் கால லாரிகளில் டர்போ இல்லை. பிஸ்டன் கீழிறங்கும்போது தானாக உறிஞ்சிக்கொள்ளும் காற்று மட்டுமே இன்ஜினுக்குக் கிடைக்கும். இந்த நிலையில் வண்டி இழுக்காமல் போனால் குற்றவாளிகள் மூன்றே பேர்: டீசல் பம்ப், நாசில், தேய்ந்த பிஸ்டன் ரிங். 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் இந்தியாவிலேயே டீசல் பம்ப் செய்யத் தொடங்கியதும் 'மைக்கோ பம்ப்' என்பது பட்டறைச் சொல்லாகவே ஆகிவிட்டது. பம்பைக் கழற்றி, மேடையில் ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் எவ்வளவு டீசல் வருகிறது என்று கண்ணாடிக் குழலில் அளந்து சரிசெய்யும் தனிக்கடைகள் தோன்றின. பம்ப் மெக்கானிக் மற்ற மெக்கானிக்கைவிட ஒரு படி மேலானவராக மதிக்கப்பட்டார்.

குமரி மாவட்டப் பேச்சில் 'வண்டி வலிக்கல்ல' என்பார்கள். வலித்தல் என்றால் இழுத்தல். கரமடி வலையைக் கரைக்கு வலிப்பவர்களின் சொல் அது. வண்டி வலிக்காவிட்டால் அன்றைய மெக்கானிக் முதலில் பார்த்தது புகையை. டீசல் கூடுதலாகவோ காற்று குறைவாகவோ போனால் கரும்புகை. ஆயில் எரிந்தால் நீலப்புகை. டீசல் எரியாமல் ஆவியாக வெளியேறினால் வெண்புகை. வண்டியைத் தொடாமலே பாதிப் பழுதைச் சொல்லிவிடலாம்.

இதன் பின்னால் உள்ள கணக்கு எளியது. 1 கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். 1 லிட்டர் டீசலுக்குக் குறைந்தது 12 கிலோ, அதாவது சுமார் 10,000 லிட்டர் காற்று. டேங்கில் இருக்கும் டீசலை நாம் பார்க்கிறோம். விலை கொடுக்காத காற்றைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆனால் டீசல் இன்ஜினின் வலிமைக்கு எல்லை போடுவது காற்றுதான். 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள இன்ஜின் நிமிடத்திற்கு 2,400 முறை சுழன்றால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்ற கணக்கில், 3,000 லிட்டருக்குமேல் அதனால் உறிஞ்ச முடியாது. அதற்குமேல் டீசலைக் கூட்டினால் புகைதான் கூடும்.

காற்றை அழுத்தியவர்

அந்த எல்லையை உடைக்கும் யோசனை பெர்கின்ஸ் இன்ஜினுக்கு முன்பே பிறந்திருந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் அதற்குக் காப்புரிமை கோரினார். இன்ஜினின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு வீணாகிறது, அதை ஒரு விசிறியைச் சுழற்றப் பயன்படுத்தி, அந்த விசிறியின் அச்சிலேயே இன்னொரு விசிறியைப் பொருத்திக் காற்றை அழுத்தலாம் என்பது அவர் எண்ணம். அந்த வெப்பத்தைத் தாங்கும் உலோகம் அன்று இல்லாததால் யோசனை இருபது ஆண்டுகள் காத்திருந்தது.

நடுவில் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் 1918இல் ஒரு சோதனை செய்தார். விமான இன்ஜின் ஒன்றை 14,109 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோனார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த லிபர்ட்டி இன்ஜின், மலைமேல் காற்று மெலிந்ததால் 230 அளவுக்குத்தான் தந்தது. டர்போ பொருத்தியதும் 356 ஆனது. பூக்கியின் முறை 1920களின் நடுவில் ஜெர்மானியப் பயணிகள் கப்பல்கள் இரண்டில் பொருத்தப்பட்டு, 1,750 குதிரைத்திறன் இன்ஜின் 2,500 தந்தது. சுவிட்சர்லாந்தின் சாவ்ரர் நிறுவனம் லாரிக்கான டர்போ இன்ஜினை வெளியிட்டது 1938இல். சால்ட்டரின் பேருந்துகள் டர்போ இல்லாமல் கன்னியாகுமரிக்கு ஓடத் தொடங்கிய அதே ஆண்டு. இரண்டும் சந்திக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

சிறுவண்டிக்கு வந்த டர்போ

இந்தியாவில் 1980களின் நடுவில் சிறு சரக்கு வண்டிகள் பெருகின. ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு ஸ்வராஜ் மஸ்தா, ஐச்சர், டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான் ஆகியவை வந்தன. டாடா 1986இல் 407 வண்டியையும், 1988இல் டாடா மொபைல் என்ற பிக்கப்பையும் வெளியிட்டது. இதே காலத்தில், 1982இல், சென்னையில் டர்போ எனர்ஜி நிறுவனம் ஜெர்மானியத் தொழில்நுட்பத்துடன் தொடங்கப்பட்டது. டர்போ முதலில் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் பரவி, பிறகுதான் பிக்கப்புக்கு இறங்கியது.

இறக்கியது வேகத்தின்மீதான ஆசை மட்டுமல்ல, சட்டமும்தான். 2000த்திலிருந்து இந்தியாவில் புகைக்கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகின. டீசலை முழுமையாக எரிக்கவேண்டும் என்றால் காற்று தாராளமாக இருக்கவேண்டும். டர்போ இல்லாமல் அது கடினம். 2005இல் வந்த டாடா ஏஸ், தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்று பெயர் பெற்றது, 16 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட டர்போ இல்லாத இரண்டு சிலிண்டர் வண்டி. 2011இல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையிலிருந்து வந்த தோஸ்த், டர்போவும் காமன் ரெயிலும் கொண்ட 1.5 லிட்டர் வண்டி, 55 குதிரைத்திறன். மஹிந்திராவின் பொலேரோ பிக்கப்பிலும் 2.5 லிட்டர் டர்போ இன்ஜின். குட்டி யானையிலிருந்து இவற்றுக்கு மாறிய ஓட்டுநருக்கு ஏற்றம் எளிதானது. புதிதாக ஒரு பழுதும் சேர்ந்து வந்தது.

பழுதறியும் வரிசை

டர்போ செத்த வண்டி ஓடாமல் நின்றுவிடாது. ஸ்டார்ட் ஆகும், சும்மா நிற்கும்போது சீராக உறுமும், சமதளத்தில் காலியாக ஓடும். பேச்சிப்பாறை சாலையில் பாரத்தோடு ஏறும்போதுதான் அது தன் தாத்தாவான டர்போ இல்லாத டீசல் வண்டியாக மாறிவிடும். இதுவே முதல் அடையாளம். ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டாலோ, சும்மா நிற்கும்போதே தடுமாறினாலோ, தேடவேண்டிய இடம் டீசல் ஃபில்டரும் இன்ஜெக்டரும். டர்போ இன்ஜினின் சுழற்சி 1,500ஐத் தாண்டும்போதுதான் பொதுவாக வேலையைக் காட்டத் தொடங்கும் என்பதால், அதற்குக் கீழே உள்ள குறைகளை அதன்மேல் சுமத்தக்கூடாது.

அடுத்த கேள்வி: திடீரென்று போனதா, நாளாக நாளாகக் குறைந்ததா? அனுபவமுள்ள மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன் இதைக் கேட்பார். ஒரே நொடியில் 'புஸ்' என்ற ஓசையோடு போயிருந்தால் ஹோஸ் கழன்றிருக்கும் அல்லது கிழிந்திருக்கும். வாரக்கணக்கில் மெல்லக் குறைந்திருந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு, கரிப் படிவு, இறுகிய ஆக்சுவேட்டர் என்று தேடலாம். கல்குவாரிச் சாலைகளிலும் விளவங்கோட்டுச் செம்மண் வழிகளிலும் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் கையேட்டில் சொன்ன தூரம்வரை தாங்குவதில்லை. ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் டர்போவைக் கழற்றியவர்கள் உண்டு.

ஃபில்டர் நன்றாக இருந்தால், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள். இவைதான் மிக அதிகமாகக் கெடுபவை, மிகக் குறைவாகச் சந்தேகிக்கப்படுபவை. ஹோஸின் அடிப்பக்கத்தில் ஏற்படும் கீறல் வண்டி நிற்கும்போது மூடியிருக்கும், காற்று அழுத்தம் வந்தால் மட்டும் வாய் திறக்கும். கண்ணால் பார்த்து 'ஹோஸ் நல்லா இருக்கு' என்று சொல்வது இதனால் பயனற்றது. கசியும் இடத்தைச் சுற்றி ஆயில் ஈரத்தில் தூசி ஒட்டிக் கறுத்திருப்பது ஒரு தடயம். உறுதியான வழி, இன்ஜினை அணைத்துவிட்டு, டர்போவின் காற்று வாயை டியூப் வால்வு பொருத்திய மூடியால் அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து சிறிதளவு காற்றை விட்டு, ஹோஸ் முழுதும் சோப்புத் தண்ணீர் பூசுவது. குமிழி வரும் இடம் ஓட்டை. பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதன் இன்னொரு வடிவம்தான் இது. காற்றழுத்தம் ஒரு பாரைத் தாண்டக்கூடாது, டர்போவின் சீல் போய்விடும்.

பிறகு வேஸ்ட்கேட். டர்போ அளவுக்கு மீறிச் சுழலாமல், புகையில் ஒரு பகுதியைத் திருப்பிவிடும் கதவு இது. அதை அசைக்கும் கம்பி துருப்பிடித்துக் கதவு திறந்தபடியே நின்றால் அழுத்தம் ஏறாது. உப்புக் காற்றில் நிற்கும் கடற்கரை வண்டிகளில் இதை மறக்காமல் பார்க்கவேண்டும். கதவை இயக்கும் மெல்லிய வாக்குவம் குழாய் வெடித்திருந்தாலும் இதே விளைவு. விரல் தடிமன்கூட இல்லாத அந்தக் குழாய் ஒரு டன் பாரத்தை மலையடியில் நிறுத்திவிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் டர்போவைத் தொட வேண்டும். ஆறிய இன்ஜினில், காற்று ஹோஸைக் கழற்றி, அச்சின் முனையை விரலால் பிடித்து அசைத்துப் பார்ப்பார்கள். இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. டர்போவின் அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்குமேல் சுழல்வது. அது ஆயில் படலத்தின்மேல் மிதக்கும்படி செய்யப்பட்டிருப்பதால், ஆயில் இல்லாத நிலையில் பக்கவாட்டில் சற்றே ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்தைக் கண்டதும் 'டர்போ போச்சு' என்று தீர்ப்பு எழுதி நல்ல டர்போவைத் தூக்கியெறிந்த கதைகள் எல்லாப் பட்டறைகளிலும் உண்டு. முன்னும் பின்னுமான ஆட்டம் கைக்குத் தெரியும்படி இருந்தால்தான், அல்லது விசிறி கூட்டில் உரசிய தடம் இருந்தால்தான், அச்சு தேய்ந்ததாகப் பொருள். ஹோஸின் விலை சில நூறு ரூபாய். டர்போவின் விலை பல ஆயிரம். வாடகைக்கு ஓடும் பிக்கப்பின் உரிமையாளருக்கு இது இரண்டு மூன்று மாதத் தவணைப் பணம்.

டர்போ உண்மையாகவே போயிருந்தால் வேலை முடிவதில்லை. அது தானாகச் சாவது அரிது. ஆயில் மாற்றத் தாமதித்தது, ஆயில் குழாயில் கரி அடைத்தது, ஃபில்டர் கிழிந்து மண் புகுந்தது என்று கொன்ற காரணம் வேறெங்கோ இருக்கும். ஏற்றம் ஏறி முடித்ததும் உடனே சாவியைத் திருப்பி அணைத்தால், கொதிக்கும் அச்சைச் சுற்றி ஆயில் ஓட்டம் நின்று அங்கேயே கருகும். எஸ்டேட் ஓட்டுநர்களில் மூத்தவர்கள் ஒரு பீடி நேரம் வண்டியை ஓடவிட்டு நிறுத்துவது இதனால்தான். காரணத்தைத் தேடாமல் புதிய டர்போ பொருத்தினால் அதுவும் அதே குழாயால் சாகும்.

புகை போய் எண் வந்தது

பம்பில் இயந்திர முறையில் டீசல் அளந்த காலம்வரை புகை நம்பத்தக்க சாட்சியாக இருந்தது. டர்போ காற்றுத் தராவிட்டாலும் டீசல் போய்க்கொண்டிருக்கும், வண்டி கரும்புகை கக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மின்னணுக் கட்டுப்பாடு வந்ததும் இது மாறியது. காற்றழுத்தம் குறைவதைச் சென்சார் கண்டு சொன்னால், கம்ப்யூட்டர் டீசலையும் குறைத்துவிடுகிறது. புகை வருவதில்லை, வண்டி வெறுமனே சோர்ந்துபோகிறது. புகையைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இதில் பார்க்க ஒன்றுமில்லை. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ் 4 விதி வந்தபோது பல சிறு பட்டறைகள் தவித்தது இந்த இடத்தில்தான். வண்டியில் பழுது இருக்கிறது, அடையாளம் இல்லை.

அடையாளத்தைக் கேட்க ஸ்கேனர் தேவைப்பட்டது. பி0299 என்ற எண் வந்தால் காற்றழுத்தம் போதவில்லை என்று பொருள். ஏன் போதவில்லை என்று அந்த எண் சொல்லாது. ஹோஸ் கிழிந்தாலும், வாக்குவம் குழாய் வெடித்தாலும், வேஸ்ட்கேட் இறுகினாலும், டர்போ உடைந்தாலும் அதே எண்தான். எண்ணைப் பார்த்ததும் டர்போவை மாற்றச் சொல்லும் போக்கு வந்தது. பழைய மெக்கானிக்குக்குச் சோப்புத் தண்ணீர் தெரியும், ஸ்கேனர் தெரியாது. புதிய பையனுக்கு ஸ்கேனர் தெரியும், சோப்புத் தண்ணீர் தெரியாது. இரண்டும் ஒரே பட்டறையில் இருந்தால் வண்டிக்காரருக்கு நல்ல காலம்.

சென்சாரே பொய் சொல்வதும் உண்டு. அதற்கும் எளிய சோதனை இருக்கிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால், அழுத்தச் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டவேண்டும். குளச்சல் கடற்கரையில் அது 101 கிலோபாஸ்கல் அருகில் இருக்கும், 1,000 மீட்டர் உயரத்தில் 90 அளவுக்கு இறங்கும். கடற்கரையில் நின்றுகொண்டே 80 காட்டினால் சென்சாரைத்தான் மாற்றவேண்டும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தது. டீசலில் கந்தகம் 10 பிபிஎம் அளவுக்குக் குறைக்கப்பட்டது. சைலன்ஸர் பாதையில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி சேர்ந்தது. அந்த வடிகட்டி தன்னிடம் சேரும் கரியை 600 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும் வண்டிக்கு இது சிக்கலில்லை. வடசேரிச் சந்தைக்கும் கோட்டாற்றுக்கும் இடையே நின்று நின்று ஓடும் பிக்கப்புக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, புகை வெளியேற வழியின்றி டர்போவின் விசிறி மெதுவாகிறது, வண்டி இழுப்பதில்லை. ஓட்டுநருக்கு இது டர்போ பழுதாகத்தான் தெரியும். மீட்டரில் எரியும் வடிகட்டி விளக்கைப் பொருட்படுத்தாமல் நாள்கணக்கில் ஓட்டியபின் பட்டறைக்கு வருவார். விளக்கு எரிந்த அன்றே ஆரல்வாய்மொழி தாண்டி நாற்கர சாலையில் சீரான வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டியிருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும்.

பழைய வண்டிகளும் மறைந்துவிடவில்லை. இயந்திரப் பம்ப் கொண்ட பிக்கப்புகள் ரப்பர் எஸ்டேட்டுகளின் உள்வழிகளில் இன்னும் ஓடுகின்றன. மார்த்தாண்டத்திலோ குலசேகரத்திலோ ஒரு பட்டறையில் காலையில் கரும்புகையைப் பார்த்து ஒரு வண்டிக்கும், மதியம் எண்ணைப் பார்த்து இன்னொரு வண்டிக்கும் பழுது சொல்கிறார்கள். சோப்புத் தண்ணீர் வாளி இரண்டுக்கும் பொது.